ஆறு கரைக்கும் தீவில் கரையாத நாமம்

ஆற்றிடைத் தீவு என்றதும் தமிழ்நாட்டு அன்பர்களின் நினைவுக்கு முதலில் வருவது திருவரங்கம். காவிரியும் கொள்ளிடமும் இருபுறமும் ஓட, நடுவே அரங்கநாதப் பெருமான் பள்ளிகொண்டிருக்கும் திருத்தலம் அது. பாரத நாட்டின் வடகிழக்குக் கோடியில், அஸ்ஸாம் மாநிலத்தில், பிரம்மபுத்திரா நதியின் நடுவேயும் வைணவ மணம் கமழும் தீவு ஒன்று உண்டு. அதன் பெயர் மஜுலி. அங்கே வானளாவிய கோபுரம் இல்லை. கல்லால் எழுப்பிய மண்டபம் இல்லை. பெரும்பாலான வழிபாட்டுக் கூடங்களில் விக்கிரகமும் இல்லை. ஆயினும் சுமார் ஐந்நூறு ஆண்டுகளாக, தலைமுறை தலைமுறையாக, பகவானின் திருநாமம் அத்தீவில் ஒலித்து வருகிறது.

சென்ற தை மாதத்தில் ஒரு நாள், சென்னையில் வசிக்கும் ஓர் அம்மையார் தன்னந்தனியே அத்தீவுக்குச் சென்று வந்தார். வயது அறுபத்தேழு. ஹிந்தி ஆசிரியையாகப் பணியாற்றி ஓய்வு பெற்றவர், கணவரை இழந்தவர். காமாக்யா தேவியைத் தரிசிக்க ஒரு யாத்திரைக் குழுவினருடன் குவாஹாத்தி வந்தவர், குழுவினர் ஊர் திரும்பிய பின்னும் தாம் மட்டும் தங்கி, ரயிலேறி ஜோர்ஹாட் நகரை அடைந்தார். பல ஆண்டுகளுக்கு முன் ஓர் உபந்யாசத்தில் ஸ்ரீமந்த சங்கரதேவரின் சரிதத்தைக் கேட்டது முதல், அம்மகானின் அடியார்கள் வாழும் தீவை ஒரு முறையேனும் காண வேண்டும் என்ற ஆவல் அவருக்கு இருந்தது.

ஆவலோடு ஒரு மனச்சுமையும் உடன் வந்தது. மன்னார்குடியை அடுத்த ஒரு சிற்றூரில் அவருடைய பாட்டனார் நடத்தி வந்த பஜனை மடம் ஒன்று இருந்தது. மார்கழி முழுவதும் வீதி பஜனை, தை பிறந்தால் ராதா கல்யாணம் என்று களைகட்டிய இடம். பிள்ளைகள் படித்து நகரங்களுக்குக் குடிபெயர, பாடுவோர் குறைந்தனர். பிறகு மடமே பூட்டப்பட்டது. 2018-ஆம் ஆண்டு கஜா புயலில் அதன் கூரையும் சரிந்தது. இடத்தை விற்றுவிடலாம் என்று உறவினர்கள் முடிவு செய்து, பத்திர நகலை இவருக்கும் அனுப்பியிருந்தார்கள். இவரது கையெழுத்து ஒன்றே பாக்கி. காகிதம் வீட்டு மேஜை இழுப்பறையில் மூன்று மாதங்களாகக் காத்திருந்தது.

படகில் ஒரு மணி நேரம்

ஜோர்ஹாட் நகரிலிருந்து சுமார் 14 கிலோமீட்டர் தொலைவில் நிமாதி படகுத்துறை உள்ளது. காலைப் படகில் ஏறியபோது பனிமூட்டம் விலகவில்லை. மேல்தளத்தில் மோட்டார் சைக்கிள்கள் நெருக்கமாக நின்றன. கீழே காய்கறிக் கூடைகள், அரிசி மூட்டைகள், தீவுப் பள்ளிகளுக்குப் பாடம் நடத்தச் செல்லும் ஆசிரியர்கள். அவர்களுக்கிடையே கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு அம்மையார் அமர்ந்தார்.

கங்கை, யமுனை, காவிரி என்று நாம் வணங்கும் நதிகள் பலவும் தாய்மார்கள். பிரம்மபுத்திராவோ பிரம்மதேவரின் புதல்வர், ஆண் நதி. பரசுராமர் நீராடித் தம் பாவம் நீங்கப்பெற்ற இடமாகப் போற்றப்படும் பரசுராம குண்டம், இந்நதியோடு வந்து கலக்கும் லோஹித் ஆற்றின் கரையில் அருணாசலப் பிரதேசத்தில் உள்ளது. மழைக்காலத்தில் கடல்போல் விரியும் இந்நதி, தை மாதத்தில் வற்றி, வெண்மணல் திட்டுகளைக் காட்டிக்கொண்டு அமைதியாக ஓடும். அத்தகைய ஒரு திட்டில் சாம்பல் நிற வாத்துக் கூட்டம் ஒன்று இறங்கியிருந்தது. வெண்ணிறத் தலையில் இரண்டு கறுப்புப் பட்டைகள் கொண்ட வரித்தலை வாத்துகள் அவை. இமயமலையைக் கடந்து குளிர்காலத்தில் இங்கு வரும் இப்பறவைகளே நம் திருநெல்வேலிச் சீமையின் கூந்தன்குளத்துக்கும் வருகின்றன. தம்மைப் போலவே நெடுந்தொலைவு வந்தவை என்று அம்மையார் எண்ணிக்கொண்டார்.

ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் கமலாபாரி துறை வந்தது. மணலில் மரப்பலகைகளை விரித்து அமைத்த தற்காலிகப் பாதை. ஆறு ஆண்டுதோறும் தன் கரையை மாற்றிக்கொள்வதால், படகுத்துறையையும் அவ்வப்போது இடம் மாற்றியாக வேண்டியிருக்கிறது. அந்தத் தீவைப் பற்றி அவர் கற்ற முதல் பாடம் அது.

மணியும் பொன்னும் சேர்ந்த இடம்

மஜுலியின் பெருமைக்கு மூலகாரணர் ஸ்ரீமந்த சங்கரதேவர். 1449-ஆம் ஆண்டில் அவதரித்து, நூறாண்டுக்கும் மேல் வாழ்ந்து, 1568-இல் முக்தி அடைந்த மகான். பாகவத புராணத்தின் சாரத்தை எளிய மக்களின் மொழியில் பாடியவர். கண்ணன் ஒருவனையே சரணடைந்து, அவன் நாமத்தைக் கேட்பதும் பாடுவதுமே வழிபாடு என்று போதித்தவர். சாதி வேற்றுமை பாராமல், மலைவாழ் மக்களையும் அடியார்களாக ஏற்றவர்.

அவரது பிரதான சீடர் மாதவதேவர், முதலில் தீவிர சாக்தராக இருந்தவர். நோயுற்ற தாயார் குணமடைந்தால் ஆடு பலியிடுவதாக நேர்ந்துகொண்டார். தாயார் பிழைத்ததும் ஆடு வாங்கி வரும்படி தம் சகோதரியின் கணவரிடம் கேட்டார். அவரோ அதற்குள் சங்கரதேவரின் அடியாராகியிருந்ததால் மறுத்தார். வெகுண்ட மாதவர், வாதிட்டு வெல்வதற்காகவே சங்கரதேவரைத் தேடிச் சென்றார். வாதம் நீண்டது. வேருக்கு நீர் வார்த்தால் கிளையும் இலையும் தாமே தழைக்கும் என்ற பாகவதக் கருத்தைச் சங்கரதேவர் எடுத்துரைத்தபோது, வாதிட வந்தவர் திருவடிகளில் விழுந்தார். அச்சந்திப்பை ‘மணிகாஞ்சன ஸம்யோகம்’, அதாவது மணியும் பொன்னும் சேர்ந்த சேர்க்கை என்று அஸ்ஸாமிய வைணவர்கள் போற்றுகிறார்கள்.

அது நிகழ்ந்த இடம் மஜுலியில் இருந்த பேலகுரி. அந்த இடத்தைக் காண வேண்டும் என்று அம்மையார் ஆட்டோ ஓட்டிவந்த இளைஞரிடம் சொன்னபோது, அவர் வண்டியை நிறுத்தி ஆற்றின் பக்கம் கையை நீட்டினார். “அது இப்போது தண்ணீரில் இருக்கிறது, அம்மா” என்றார்.

அகில் மரப்பட்டையில் பாகவதம்

சங்கரதேவரின் வழிவந்த மடங்களுக்கு ‘ஸத்ரா’ என்று பெயர். நம் ஊர்ச் ‘சத்திரம்’ என்ற சொல்லும் அதே வேரிலிருந்து வந்ததுதான். ஒவ்வொரு ஸத்ராவின் நடுவிலும் நீண்ட கூரையுடன் ‘நாம்கர்’ என்ற கீர்த்தனக் கூடம். அதன் கிழக்கு முனையில் கருவறைக்கு நிகரான ‘மணிகூட்’. சுற்றிலும் அடியார்கள் வசிக்கும் வரிசை வீடுகள். பல நாம்கர்களில், சிங்கங்கள் தாங்கும் அடுக்கடுக்கான மர சிம்மாசனத்தில் விக்கிரகத்தின் இடத்தில் எழுந்தருளியிருப்பது புனித நூலே.

அம்மையார் முதலில் சென்றது அவுனியாட்டி ஸத்ரா. 1653-ஆம் ஆண்டு அஹோம் மன்னர் ஜயத்வஜ சிங்கரின் ஆதரவில் நிறுவப்பெற்றது. திருமணம் செய்துகொள்ளாத துறவியர் வாழும் மடம். இங்கு வழக்கத்துக்கு மாறாக ஸ்ரீகோவிந்தரின் திருமேனி உண்டு. பூரி க்ஷேத்திரத்திலிருந்து எழுந்தருளியவர் என்பது வரலாறு. கோயிலுக்குக் கோயில் சேவித்தே பழகிய அம்மையாருக்கு, அந்தச் சந்நிதியில் நின்றபோது பிறந்த வீட்டுக்கு வந்தாற்போல் இருந்தது.

அங்குள்ள காட்சிக் கூடத்தில் பழைய சுவடிகள் உள்ளன. நாம் பனையோலையில் எழுதிவைத்ததை அவர்கள் ‘ஸாஞ்சி’ மரப்பட்டையில் எழுதினார்கள். நம் இலக்கியங்கள் பேசும் நறும்புகை அகில் கிடைக்கும் மரமே அது. பட்டையை உரித்து, உலர்த்தி, தேய்த்து வழவழப்பாக்கி, பூச்சி அரிக்காமலிருக்க மஞ்சள் நிற அரிதாரம் பூசி, கடுக்காய் சேர்த்து இறக்கிய மையால் எழுதுவார்கள். சில சுவடிகளில் கண்ணனின் லீலைகள் சிறு சிறு வண்ண ஓவியங்களாக இடம்பெற்றிருக்கும். கண்ணாடிப் பேழைக்குள் இருந்த ஏடுகளைப் பார்த்துக்கொண்டு அம்மையார் வெகுநேரம் நின்றார். பாட்டனார் கைப்பட எழுதிய நாமாவளி நோட்டுப் புத்தகங்கள், தம்பி வீட்டுப் பரணில் ஒரு டிரங்குப் பெட்டிக்குள் கிடப்பது அவர் நினைவுக்கு வந்தது. அவற்றுக்கு அரிதாரம் பூசியவர் யாருமில்லை.

மூங்கிலும் மண்ணும் நரசிம்மரும்

கடுகு பூத்து மஞ்சள் விரித்த வயல்களின் நடுவே வண்டி சென்றது. மூங்கில் கால்களின் மேல் உயர்த்திக் கட்டிய மிஸிங் பழங்குடியினரின் வீடுகள் வழிநெடுக இருந்தன. வீடுகளின் அடியில் தறிகளில் பெண்கள் நெய்துகொண்டிருந்தார்கள். நண்பகலில் ஸாமகுரி ஸத்ராவை அடைந்தார்.

இது முகமூடிக் கலைக்குப் பெயர்பெற்ற இடம். சங்கரதேவர் மக்களுக்குப் பக்தியைப் புகட்ட நாடகத்தையும் கருவியாகக் கொண்டார். இளம்பருவத்திலேயே ‘சிஹ்ன யாத்ரா’ என்ற நாடகத்தை நிகழ்த்தி, அதற்கென ஏழு வைகுண்டங்களை ஓவியமாகத் தீட்டிக் காட்டினார் என்பது சரித்திரம். ‘காலிய தமனம்’, ‘ருக்மிணி ஹரணம்’, ‘ராம விஜயம்’ முதலாக அவர் இயற்றிய ஆறு நாடகங்கள் இன்றும் உள்ளன. ‘பாவ்னா’ எனப்படும் அந்நாடகங்களில் அசுரர்களும், கருடனும், அனுமனும், பூதனையும் முகமூடியுடன் தோன்றுவார்கள்.

செய்முறையை ஓர் இளங்கலைஞர் அம்மையாருக்குக் காட்டினார். பச்சை மூங்கிலை மெல்லிய பிளாச்சுகளாகச் சீவி, அறுகோணக் கண்களாகப் பின்னி முகத்தின் கூட்டை அமைக்கிறார்கள். குயவர் மண்ணைக் கரைத்த குழம்பில் துணியை நனைத்து அதன்மேல் படலம் படலமாக ஒட்டுகிறார்கள். உலர்ந்த பின், மண்ணோடு பசுஞ்சாணத்தைக் கலந்து மூக்கு, புருவம், கன்னம் ஆகியவற்றை வனைகிறார்கள். மூங்கில் பட்டையால் தேய்த்து மெருகேற்றி வண்ணம் தீட்டுகிறார்கள். மரபான நிறங்கள் இரண்டு: ‘ஹெங்குல்’ என்னும் சிவப்பு, ‘ஹைதால்’ என்னும் மஞ்சள். ஹெங்குல் நம் சாதிலிங்கம். ஹைதால் நம் அரிதாரம். நாடக நடிகர் முகத்தில் பூசிக்கொள்வதை நாம் ‘அரிதாரம்’ என்றே அழைப்பதை எண்ணி அம்மையார் வியந்தார்.

முகத்தை மட்டும் மறைப்பவை, வாய் அசையக்கூடியவை, தலை முதல் இடுப்புக்குக் கீழ்வரை மூடும் பேருருவங்கள் என முகமூடிகள் மூவகைப்படும். இந்த ஸத்ராவைச் சேர்ந்த ஹேமசந்திர கோஸ்வாமி அவர்களுக்கு 2023-ஆம் ஆண்டு பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. மறு ஆண்டே மஜுலி முகமூடிக்கும் மஜுலி சுவடி ஓவியத்துக்கும் புவிசார் குறியீடு கிடைத்தது.

இளங்கலைஞர் ஒரு நரசிம்ம முகமூடியை அணிந்துகொண்டு தாடையை அசைத்தார். அம்மையார் தம்மையறியாமல் கைகூப்பினார். தஞ்சை மாவட்டத்து மெலட்டூரில் பாகவத மேளா நடக்கும்போது ‘பிரகலாத சரித்திர’த்தில் வரும் நரசிம்ம முகமூடிக்கும் பூஜை உண்டு, விரதமிருந்தே அதை அணிவார்கள். சிறுமியாக இருந்தபோது பாட்டனாரின் தோளில் அமர்ந்து அதைப் பார்த்தவர் அவர். ஒருவரையொருவர் அறியாத இரண்டு ஊர்கள். ஆனால் இரண்டிலும் சிங்கமுகப் பெருமாளை முகமூடியில் எழுந்தருளச் செய்து வணங்குகிறார்கள்.

“வெள்ளம் வந்தால் இவற்றையெல்லாம் என்ன செய்வீர்கள்?” என்று அம்மையார் கேட்டார்.

“முடிந்தவற்றை உயரத்தில் தூக்கி வைப்போம். சில நனைந்து கெட்டுப்போகும்” என்றார் அவர். “மூங்கில் மறுபடி வளரும், மண்ணை ஆறே கொண்டுவந்து போடும். செய்யத் தெரிந்த ஆள் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.” அருகில் ஏழெட்டு வயதுச் சிறுவன் ஒருவன் மூங்கில் பிளாச்சை வளைத்துக்கொண்டிருந்தான்.

முதலில் நாம்கர், பிறகு வீடு

பிற்பகலில் அவர் சென்றது சால்மோரா. குயவர்கள் வாழும் ஆற்றங்கரைக் கிராமம். இங்கே பெண்கள் சக்கரம் இல்லாமலேயே பானை வனைகிறார்கள். களிமண்ணைக் கையால் தட்டித் தட்டியே உருண்டை வடிவம் கொடுத்து, ஆறு அடித்துவரும் கட்டைகளைக் கொண்டே சூளை மூட்டுகிறார்கள். பானைகளைப் படகில் ஏற்றிச் சென்று நெல்லுக்கு மாற்றிக்கொள்வது தொன்றுதொட்டு வந்த வழக்கம். மண், எரிபொருள், வியாபார வழி மூன்றையும் தருவது அந்த ஆறுதான். அவர்களது நிலத்தை எடுத்துக்கொள்வதும் அதே ஆறுதான்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சுமார் 880 சதுர கிலோமீட்டராக இருந்த மஜுலியின் பரப்பு, 2014-ஆம் ஆண்டில் ஏறத்தாழ 350 சதுர கிலோமீட்டராகச் சுருங்கிவிட்டது. 1950-ஆம் ஆண்டு ஆகஸ்டு 15 அன்று அஸ்ஸாமை உலுக்கிய பெரும் பூகம்பத்தில் மலைகள் சரிந்து, மண்ணும் மணலும் ஆற்றில் இறங்கின. ஆற்றுப்படுகை மேடேறியது, வெள்ளமும் கரையரிப்பும் கடுமையாயின. கரையைக் காக்க, முள்ளம்பன்றி போல் நாற்புறமும் நீட்டிக்கொண்டிருக்கும் சிமெண்டுச் சட்டங்களையும் மணல் நிரப்பிய பெரும் பைகளையும் அடுக்கியிருக்கிறார்கள். சுருங்கிய நிலையிலும் இதுவே உலகின் மிகப்பெரிய ஆற்றுத் தீவு என்று 2016-இல் கின்னஸ் புத்தகம் பதிவு செய்தது. அதே ஆண்டு இது தனி மாவட்டமாகவும் ஆயிற்று. தீவிலிருந்த ஸத்ராக்களில் பல, நிலம் இழந்து அக்கரைக்குக் குடிபெயர்ந்துவிட்டன.

செங்குத்தாக வெட்டுண்ட கரையோரத்தில் ஒரு மூங்கில் புதர், பாதி வேர்கள் வெளியே தெரிய, ஆற்றை நோக்கிச் சாய்ந்திருந்தது. பானை வனைந்துகொண்டிருந்த ஒரு மூதாட்டி எழுந்து வந்து அம்மையாரின் அருகில் நின்றார். ‘பாய்தேவ்’ (அக்கா) என்று அழைத்து, ஆற்றின் நடுப்பகுதியைச் சுட்டிக்காட்டி ஏதோ சொன்னார். ஆட்டோ இளைஞர் ஹிந்தியில் எடுத்துச் சொன்னார்: “அங்கேதான் இவர் மணமாகி வந்த வீடு இருந்ததாம். அதன் பிறகு மூன்று முறை வீடு மாற்றியிருக்கிறார்கள்.”

“நாம்கர் என்ன ஆயிற்று?” என்று அம்மையார் கேட்டார்.

மூதாட்டி சிரித்தார். ஒவ்வொரு முறையும் அதையும் பிரித்து எடுத்துக்கொண்டுதான் வந்தார்களாம். தூண்களை ஆண்கள் தோளில் சுமந்தார்கள். புனித நூலைத் தலையில் ஏந்திக்கொண்டு பெரியவர் ஒருவர் முன்னே நடந்தார். புதிய இடத்துக்கு வந்ததும் முதலில் நாம்கருக்குத்தான் கூரை போட்டார்கள். வீடுகள் எல்லாம் அதன் பிறகுதான்.

அதைக் கேட்டபோது அம்மையார் மனத்தில் திருவரங்கம் வந்து நின்றது. 1323-ஆம் ஆண்டுப் படையெடுப்பின்போது நம்பெருமாளைப் பிள்ளை லோகாசாரியார் முதலான பெரியோர்கள் காடுமேடெல்லாம் சுமந்து சென்று காத்தார்கள். பெருமாள் மீண்டும் தம் இருப்பிடம் திரும்பியது 1371-இல். அந்த இடைக்காலம் முழுவதும் கோயில் இருந்த தீவு ஓரிடத்தில். பெருமாளும் அடியார்களும் வேறிடத்தில். அவரைச் சுமக்கத் தோள்கள் இருந்ததால்தான் இன்று நாம் அரங்கனைச் சேவிக்கிறோம்.

நிலம் போவதையே இத்தீவினர் பார்த்துக்கொண்டிருக்கவில்லை என்பதற்கும் சான்று உண்டு. மஜுலிக்கு அருகே உள்ள ஒரு மணல்திட்டில், 1979-ஆம் ஆண்டு வெள்ளம் வடிந்தபின் நிழலின்றிப் பாம்புகள் வெயிலில் மடிந்து கிடப்பதைக் கண்ட ஜாதவ் பாயெங் என்ற மிஸிங் இளைஞர், மூங்கில் நடத் தொடங்கினார். தனியொருவராகத் தொடங்கிய அப்பணி இன்று சுமார் 550 ஹெக்டேர் பரப்புள்ள காடு. 2015-இல் அவருக்குப் பத்மஸ்ரீ வழங்கப்பட்டது.

“வெள்ளம் வந்ததா?”

சூரியன் மறையும் வேளையில் அம்மையார் உத்தர கமலாபாரி ஸத்ராவில் இருந்தார். கமலாபாரி மரபை நிறுவியவர் மாதவதேவரின் சீடரான பதுல பத்ம ஆதா. இம்மடத்துத் துறவியர் சிறுவயதிலேயே இங்கு வந்து சேர்ந்து, மூத்த அடியார்களின் வீட்டில் பிள்ளைகளைப் போல் வளர்கிறார்கள். பாட்டும், மத்தளமும், நடனமும் அவர்களுக்கு வழிபாட்டின் அங்கங்கள். மடங்களுக்குள் வளர்ந்த ‘ஸத்ரிய’ நடனத்தை 2000-ஆம் ஆண்டில் சங்கீத நாடக அகாதெமி சாஸ்திரிய நடனமாக ஏற்றது. பரதநாட்டியம் கோயிலில் வளர்ந்ததுபோல், அது கீர்த்தனக் கூடத்தில் வளர்ந்தது.

நாம்கரின் ஓரத்தில் பாயில் அமர்ந்தார். மண்விளக்குகள் ஏற்றப்பட்டன. வெள்ளை வேட்டி உடுத்து, சிவப்புக் கரையிட்ட ‘கமோசா’ துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, முதியவர்களும் சிறுவர்களும் இரு வரிசையாக அமர்ந்தார்கள். ஒருவர் நாமத்தை எடுத்துக்கொடுக்க, மற்றவர்கள் வாங்கிப் பாடினார்கள். ‘கோல்’ என்னும் மண் உருளை மத்தளமும், பெரிய தாளங்களும் மெல்லத் தொடங்கி, விரைந்து, உச்சத்துக்குச் சென்று, மீண்டும் அடங்கின. மொழி புரியவில்லை. ஆனால் ராம, கிருஷ்ண, ஹரி என்ற சொற்களுக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. முன்னே ஒருவர் பாட, பின்னே பலர் பாடும் அந்த முறை, மன்னார்குடிப் பக்கத்துத் திண்ணையில் அவர் கேட்டு வளர்ந்த அதே முறை.

பாடல் முடிந்ததும் வாழையிலைத் துண்டில் பிரசாதம் வந்தது. ஊறவைத்த பச்சைப்பயறும் கடலையும், இஞ்சித் துண்டும், தேங்காய்க் கீற்றும். ராமநவமிக்கு நம் வீடுகளில் செய்யும் வடபருப்பின் உடன்பிறப்பு.

பிரசாதம் கொடுத்த சிறுவனுக்குப் பத்து வயது இருக்கும். பள்ளியில் ஹிந்தி படிப்பவன். ‘ஆயிதா’ என்று அவரை அழைத்தான். அவர்கள் மொழியில் பாட்டி என்று பொருள். எங்கிருந்து வருகிறீர்கள், எத்தனை நாள் ரயிலில் வந்தீர்கள் என்றெல்லாம் கேட்டுவிட்டு, “ஆயிதா, உங்கள் ஊர் நாம்கரில் என்ன பாடுவீர்கள்?” என்றான்.

அம்மையாருக்கு உடனே பதில் வரவில்லை. “எங்கள் ஊர் நாம்கர் மூடிக் கிடக்கிறது, கண்ணா” என்றார்.

சிறுவனின் முகம் வாடியது. “வெள்ளம் வந்ததா?” என்று கேட்டான்.

ஒரு கீர்த்தனக் கூடம் மூடப்படுவதற்கு அவனுக்குத் தெரிந்த காரணம் அது ஒன்றுதான். வெள்ளமில்லை என்று தலையசைத்தார் அம்மையார். வேறு என்ன காரணம் என்று அவன் கேட்கவில்லை; கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று அவருக்கும் தெரியவில்லை. சற்று நேரம் கழித்து, பாட்டனார் எப்போதும் முதலில் எடுக்கும் நாமாவளியைத் தாழ்ந்த குரலில் பாடத் தொடங்கினார். பல ஆண்டுகளாகப் பாடாத தொண்டை. இரண்டாம் அடியில் சுருதி விலகியது. சிறுவன் தொடையில் தாளம் போட்டான். அருகிலிருந்த முதிய அடியார் ஒருவர் பக்கத்தில் இருந்த மத்தளத்தை இழுத்துக்கொண்டார். நான்காம் முறை பாடியபோது, பொருள் தெரியாமலே நான்கைந்து குரல்கள் பின்னே சேர்ந்துகொண்டன.

அன்றிரவு மூங்கில் கால்கள் மேல் அமைந்த ஒரு குடிலில் அவர் தங்கினார். ஊரடங்கிய பின்னரும் தொலைவில் எங்கோ தாளச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

பெட்டி திறந்தது

ஊர் திரும்பியதும் தம்பியிடம் தொலைபேசியில் பேசினார். மடத்து இடம் பற்றி அப்போது எதுவும் சொல்லவில்லை. பரணில் இருக்கும் டிரங்குப் பெட்டியை மட்டும் அனுப்பி வைக்கும்படி கேட்டார். பெட்டி வந்தது. பித்தளை ஜாலராக்கள் இரண்டு, சிப்ளாக்கட்டை ஒன்று, கண்ணாடி உடைந்த ராதா கிருஷ்ணர் படம், ஓரங்கள் கரையான் தின்ற ஏழு நோட்டுப் புத்தகங்கள். எழுத்து தெளிவாகவே இருந்தது.

அடுத்த ஏகாதசி மாலை, அவர் வசிக்கும் அடுக்குமாடிக் குடியிருப்பின் கீழ்த்தளத்தில் பாய் விரித்து, படத்துக்கு விளக்கேற்றி அமர்ந்தார். வந்தவர்கள் நான்கு பேர். காவலாளியின் மகள் ஒரு ஜாலராவை வாங்கிக்கொண்டாள். இப்போது ஒவ்வோர் ஏகாதசியும் பஜனை நடக்கிறது. வருபவர்கள் ஒன்பது பத்துப் பேர் ஆகியிருக்கிறார்கள். பத்திர நகல் இன்னும் இழுப்பறையில்தான் இருக்கிறது. அவர் ஒருநாள் கையெழுத்திடக்கூடும், இடாமலும் போகலாம். ஆனால் அதை எண்ணி இரவில் விழித்திருப்பது நின்றுவிட்டது என்கிறார்.

நம்மில் பலருடைய வீட்டுப் பரண்களிலும் இப்படி ஒரு பெட்டி இருக்கும். ஊரும் வீடும் நிலமும் கைவிட்டுப் போனாலும், திருநாமம் நம்மோடு வர மறுப்பதில்லை. அதைத் தலையில் ஏந்தி முன்னே நடக்க ஒருவர் வேண்டும். பின்னே வாங்கிப் பாட ஒரு சிறு குரல் வேண்டும். அவ்விரண்டையும் தந்தருள அரங்கனையும் அந்தக் கோவிந்தனையும் பிரார்த்திப்போம்.

எப்படிச் செல்வது?

குவாஹாத்தியிலிருந்து ஜோர்ஹாட்டுக்கு ரயில், பேருந்து வசதிகள் உண்டு. ஜோர்ஹாட்டில் விமான நிலையமும் உள்ளது. அங்கிருந்து நிமாதி துறை சென்று படகேற வேண்டும். பிற்பகலுக்குப் பின் படகு கிடைப்பது அரிது. ஆகவே காலையிலேயே புறப்படுவது நலம். ஜோர்ஹாட்டையும் மஜுலியையும் இணைக்கும் பாலத்துக்கு 2021-இல் அடிக்கல் நாட்டப்பட்டது. ஐப்பசி பிற்பகுதி முதல் மாசி வரை செல்ல ஏற்ற காலம். கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டி நடக்கும் ராஸ உற்சவம் மிகச் சிறப்பானது. மழைக்காலத்தைத் தவிர்க்கவும். நாம்கரில் காலணி அணியக் கூடாது. துறவியரைத் தொட்டு வணங்காமல் தள்ளி நின்றே கைகூப்ப வேண்டும். முதியோர் ஓர் இரவாவது தீவில் தங்கினால்தான் மாலை நாம வழிபாட்டில் நிதானமாகக் கலந்துகொள்ள இயலும்.